மினிடிவி கேசட்டும் மீட்டர்கேஜ் ரயிலும்: கொஞ்சம் டிப்ஸ், கொஞ்சம் வரலாறு

1931 மே மாசம் பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல ஓட ஆரம்பிச்ச மீட்டர்கேஜ் எலெக்ட்ரிக் டிரெயின், 2004 ஜூலையோட நின்னுபோச்சு. எழுபத்து மூணு வருஷம். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம்னு இந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் ஆபீஸுக்கும் காலேஜுக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதுலதான் போச்சு. போட்டோ கேட்டா நிறைய காட்டுவாங்க. சினிமாவுலயும் இருக்கு, ஆனா அங்க கேக்குறது ஸ்டுடியோவுல சேர்த்த சத்தம். அந்தக் குறுகல் பெட்டி பிளாட்ஃபாரத்தை விட்டுக் கிளம்பறப்ப என்ன சத்தம் வரும், கதவோரம் தொங்குற ஆளுங்க என்ன பேசிக்குவாங்க, இதெல்லாம் யார்கிட்ட இருக்குன்னு தேடினா, கடைசில வீட்டுப் பரண்லதான் போய் நிக்கணும். அப்போ கையில ஹேண்டிகேம் வெச்சிருந்த சில பேரோட பரண்.

இந்தப் பதிவு எழுதக் காரணம் என் அத்தை பையன். காலேஜ் படிக்கிறான். இப்போ இந்தப் பசங்களுக்குப் பழைய கேம்கார்டர் மேல திடீர்னு ஒரு மோகம் வந்திருக்கு. போன்ல எடுத்தா ரொம்ப சுத்தமா இருக்காம், கேசட்ல எடுத்தாத்தான் 'ஃபீல்' வருதாம். "அண்ணா, இதை யூஸ் பண்ண டிப்ஸ் ஏதாச்சும் சொல்லேன்"னு கேட்டான். சொல்ல உக்காந்தா, ஒவ்வொரு டிப்ஸுக்குப் பின்னாடியும் ஒரு கதை வருது. சரி, ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற நாளா பார்த்துக் கொசுவத்தியைச் சுத்திருவோம்னு உக்காந்துட்டேன். நீளமான பதிவு, காபி எடுத்துட்டு வந்துருங்க.

முதல்ல வம்சாவளி. கேமராவும் ரெக்கார்டரும் ஒரே பொட்டியில வந்த முதல் வீட்டுக் கருவி, 1983-ல சோனி விட்ட பீட்டாமூவி. தோள்ல தூக்கணும். வேடிக்கை என்னன்னா, அதுல எடுக்கத்தான் முடியும், போட்டுப் பார்க்க முடியாது. 1985-ல 8 மில்லிமீட்டர் கேசட்டும் ஹேண்டிகேம்ங்கிற பேரும் வந்துச்சு. 1989-ல வந்த டிஆர்55 மாடலை பாஸ்போர்ட் சைஸுன்னே விளம்பரம் பண்ணாங்க. எடை 790 கிராம்தான். அப்புறம் 1995-ல டிவி. டெலிவிஷன் டிவி இல்லீங்க, டிஜிட்டல் வீடியோ. பல கம்பெனிக்காரங்க ஒண்ணா உக்காந்து பேசி முடிவு பண்ண ஃபார்மட். அதுல சின்ன கேசட்டுக்குப் பேரு மினிடிவி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம்தான் பெருசு, உள்ள கால் இஞ்சு அகலத்துல டேப். அந்த வருஷமே வந்த சோனி விஎக்ஸ்1000, ஃபயர்வயர் ஒயரைக் கம்ப்யூட்டர்ல சொருகி படத்தை ஒரு பிட்டு கூட குறையாம இறக்கலாம்னு காட்டுச்சு. வீட்டுப் படத்தைக் காப்பி எடுத்தா தரம் குறையும்ங்கிற விதி அன்னைக்குத்தான் உடைஞ்சது.

நம்ம ஊர் நிலவரம் வேற மாதிரி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டித்தான் இங்க கலர் டிவி. அந்தப் பத்தாண்டுலயே கல்யாண வீடியோ வந்துருச்சு. பெரிய விஹெச்எஸ் கேசட்டு போடுற பானாசோனிக் கேமராவைத் தோள்ல வெச்ச ஒருத்தர், அவர் பின்னாடியே சன்கன் லைட்டைத் தூக்கிட்டு ஒரு பையன். அந்த வெளிச்சத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும், சாப்பாட்டுப் பந்தியில அவங்க வந்து நின்னா இலையில கைவெச்சவன் அப்படியே சிலையாயிருவான். இதுல எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. மிக்சிங் பண்றப்ப அசல் சத்தத்தை முழுசா அழிச்சுட்டு சினிமாப் பாட்டைப் போட்டுருவாங்க. தாலி கட்டுறப்ப மட்டும் கெட்டிமேளம் கேக்கும். மத்தபடி ஒரு குடும்பத்தோட மூணு தலைமுறையும் வாயசைக்கும், பின்னாடி பாட்டு ஓடும். தமிழ்நாட்டுல எத்தனையோ தாத்தா பாட்டிங்க படமா இருக்காங்க, குரலா இல்லை. அதனாலதான் வீட்டு ஹேண்டிகேம் முக்கியம். அதுல பாட்டு சேர்க்க ஆளில்லை!

அந்த ஹேண்டிகேம் இங்க வந்தது ரெண்டு வழியில. ஒண்ணு, ரயில் லைனோட அந்தக் கோடி. பீச் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே பர்மா பஜார், பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல உருவானது. வெளிநாட்டுச் சாமான்னா அங்கதான். இன்னொண்ணு நம்ம மீனம்பாக்கம். அமெரிக்காவுக்குப் பொட்டி தட்டப் போன மக்கள் லீவுல வர்றப்ப கழுத்துல மாட்டிட்டு வந்தது. எங்க சித்தப்பா ரெண்டாவது ரகம். 2003-ல நியூஜெர்ஸிலேர்ந்து வந்தவர் ஒரு சோனி மினிடிவி கொண்டாந்தார். எனக்கு அப்போ ஆறு வயசு, தொட விடமாட்டார்.

இங்கதான் முதல் டிப்ஸு. அமெரிக்க கேமராவா, நம்ம ஊர் கேமராவான்னு முதல்ல பாருங்க. அமெரிக்காவோடது என்டிஎஸ்சி, செகண்டுக்குக் கிட்டத்தட்ட 30 பிரேம். நம்மளது பால், 25 பிரேம். பழைய டிவியில மாத்திப் போட்டா படம் உருளும், இல்லேன்னா கறுப்பு வெள்ளையா வரும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பலருக்குத் தெரியாதது டியூப்லைட் சமாச்சாரம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக்கு போட்ட டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மின்னி அடங்கும். அமெரிக்க கேமரா செகண்டுக்கு 60 தடவை கண்ணைத் திறக்கும். 100-ஐ 60 சரியா வகுக்காதே? ஒரு தடவை வெளிச்சம் தூக்கலா மாட்டும், அடுத்த தடவை குறைச்சலா. ரிசல்ட், ஹால் முழுக்க படபடன்னு துடிக்கும். ஷட்டர் ஸ்பீடை 100-ல ஒரு பங்குக்கு மாத்தினா ஒவ்வொரு பிரேமும் சரியா ஒரே ஒரு மின்னலைப் புடிக்கும், துடிப்பு நின்னுரும். மெனுவுல எங்கயோ ஒளிஞ்சிருக்கிற இந்த ஒரு செட்டிங் அன்னைக்கு யாருக்குத் தெரியும்? என்ஆர்ஐ சித்தப்பாக்கள் எடுத்த வீட்டு வீடியோவுல பாதி, பேய்ப் படம் மாதிரி துடிக்கிற காரணம் இதுதான். பகல்ல மொட்டைமாடியில எடுத்தது மட்டும் ஜம்முன்னு இருக்கும்.

அடுத்தது ஆட்டம். லைசென்ஸ் வாங்க ஆர்டிஓ முன்னாடி எட்டு போடுவோமே, அதே எட்டை கேமராவுல போட்டவங்கதான் நம்ம ஆளுங்க. கோபுரத்துல ஆரம்பிச்சு, கீழ வந்து, குளத்தைச் சுத்தி, மாமி முகத்துல ஜூம் போயி, திரும்ப கோபுரம். பொட்டி மேல 500எக்ஸ், 800எக்ஸ்னு போட்டிருக்கிறது டிஜிட்டல் ஜூம், வெறும் படத்தை இழுத்துப் பெருசாக்குற வேலை. அதை மெனுவுல நிரந்தரமா அணைச்சிருங்க. நிஜமான லென்ஸ் ஜூம் 10, 20 அளவுலதான் இருக்கும். அதையும் தொடாம, ஒரே இடத்துல நின்னு, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ட்ரைபாட் இருந்தா நல்லது. ஆனா மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடங்கள்ல வீடியோ கேமராவுக்கே தனிக் கட்டணம், ட்ரைபாடுக்குத் தனியா அனுமதி வாங்கணும். வண்டலூர் ஜூவுலயும் வீடியோ கேமராவுக்குன்னு தனி டிக்கெட். மதில் சுவரு, தூணு, ஸ்டேஷன் மேம்பாலத்துக் கைப்பிடி, இதுல முழங்கையை ஊனினாலே போதும்.

ஆட்டாம எடுத்ததோட மதிப்பு என்னன்னு உலகத்துக்கே தெரிஞ்சது ஒரு கொடூரமான நாள்ல. 2004 டிசம்பர் 26. சுனாமி. அன்னைக்கு அலையை நாம பார்த்த காட்சிகள்ல பெரும்பகுதி டிவிக்காரங்க எடுத்தது இல்லை, ஹோட்டல்லயும் வீட்டு மாடியிலயும் நின்ன சாதாரண ஜனங்க எடுத்தது. இந்தோனேசியாவுல பந்தா ஆச்சே நகரத்துல தப்பிப் பிழைச்சவங்க எடுத்த வீடியோவை வெச்சு ஹெர்மன் ஃப்ரிட்ஸ்ங்கிற பொறியாளரும் அவர் குழுவும் 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வீடியோ எடுத்த அதே இடத்துக்குத் திரும்பப் போயி, படத்துல தெரியிற கட்டடங்களை அளந்து, மிதந்து போன பொருள் ஒவ்வொரு பிரேமுக்கும் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு கணக்குப் போட்டாங்க. கடலோரத்துலேர்ந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளயே தண்ணி செகண்டுக்கு 2 முதல் 5 மீட்டர் வேகத்துல ஓடியிருக்கு. ஊருக்குள்ள வெள்ளம் எந்த வேகத்துல வந்துச்சுங்கிறதை அளக்க அங்க எந்தக் கருவியும் இல்லை. உயிர் பயத்துல ஒருத்தர் கையில இருந்த ஹேண்டிகேம்தான் கருவி. பிரேம்ல ஒரு கட்டடமோ கம்பமோ அசையாம தெரியிற மாதிரி வெச்சு எடுங்கன்னு சொல்றது அழகுக்கு மட்டும் இல்லைங்க.

சரி, அக்சஸரீஸ் பக்கம் வருவோம். பேட்டரியைப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்லை. கூட வர்றது சின்னது, பெருசா ஒண்ணு தனியா வாங்கணும், ரிச்சி ஸ்ட்ரீட் டூப்ளிகேட் கேமரா உள்ளயே உப்பிட்டா வெளிய எடுக்க முடியாது. சோனியோட என்பி-எஃப் பேட்டரி இருக்கே, கேமரா செத்தாலும் அது சாகலை. இன்னைக்கு கல்யாண வீட்டு எல்இடி லைட்டுக்குப் பின்னாடி திருப்பிப் பாருங்க, அதே வடிவம்தான். லென்ஸுக்கு ஒரு யூவி ஃபில்டர், கீறல் விழுந்தா அதோட போகும். மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்சு, இல்லேன்னா காத்து அடிக்கிற சத்தம் மட்டும்தான் மிஞ்சும். முடிஞ்சா தனி மைக். கேமராவோட சொந்த மைக் டேப் ஓடுற கிர்ர்ர் சத்தத்தையும் சேர்த்துப் புடிக்கும். ஆடியோ செட்டிங்ல 12 பிட்டுன்னு இருந்தா 16 பிட்டுக்கு மாத்திருங்க. நிறைய கேமராவுல வாங்குறப்ப 12-லதான் இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு டிப்ஸு, ஈரம். ஏசி கார்லேர்ந்தோ ஏசி ரூம்லேர்ந்தோ கேமராவை வெளிய எடுத்த உடனே ஆன் பண்ணாதீங்க. தாம்பரத்து மே மாசக் காத்து உள்ள இருக்கிற குளிர்ந்த டிரம் மேல பட்டா, குளிர்ந்த சொம்பு மேல முத்து முத்தா தண்ணி நிக்குமே, அதே மாதிரி பனிச்சுரும். அந்த டிரம் நிமிஷத்துக்கு 9000 தடவை சுத்துறது. ஈர டிரம்ல டேப் ஒட்டிக்கிச்சுன்னா கதை முடிஞ்சது. நல்ல கேமரால இதைக் கண்டுபிடிக்க ஒரு சென்சார் உண்டு, சின்னத் தண்ணித்துளி படம் மின்னும், ஒரு மணி நேரம் ஓடமாட்டேன்னு அடம் புடிக்கும். ரிப்பேருன்னு நினைச்சு எத்தனை பேர் கடைக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பாங்களோ! பையிலயே ஒரு மணி நேரம் வெளிய வெச்சிருந்து அப்புறம் எடுங்க. பீரோவுல வைக்கறப்ப செருப்புப் பொட்டியில வர்ற சிலிகா ஜெல் பாக்கெட்டை ரெண்டு மூணு சேர்த்துப் போடுங்க. லென்ஸ்ல பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்றது நம்ம ஊர் வியாதி.

இப்போ கேசட்டு. இங்கதான் விஷயமே இருக்கு, நிதானமா சொல்றேன்.

மினிடிவி கேசட்டு ஸ்டாண்டர்ட் ஸ்பீடுல ஒரு மணி நேரம் ஓடும். மெனுவுல எல்பின்னு இன்னொண்ணு இருக்கும், அதைப் போட்டா ஒன்றரை மணி நேரம். நம்ம ஜனத்துக்குச் சொல்லவா வேணும்? அதே கேசட்டுல அரை மணி நேரம் ஓசி! படத்தோட தரமும் குறையாது, அதே டிஜிட்டல் டேட்டாதான். அப்புறம் எங்க இருந்து அந்த அரை மணி நேரம் வந்துச்சு? டேப்பு மெதுவா நகரும், கோடுகள் நெருங்கும். ஸ்டாண்டர்ட்ல ஒவ்வொரு கோடும் 10 மைக்ரான் அகலம், எல்பியில 6.67. ஒரு தலைமுடியோட அகலத்துக்குள்ள அஞ்சாறு கோடு அடங்குற அளவுல ஏற்கனவே இருக்கு, அதையும் ஒடுக்கினா? எழுதின கேமராவோட ஹெட்டு இருக்கிற கோணத்துல ஒரு இம்மி வித்தியாசம் இருந்தாலும் இன்னொரு கேமராவால அதைப் படிக்க முடியாது. எழுதின கேமரா மட்டும்தான் படிக்கும். அந்த கேமரா செத்துப்போச்சுன்னா?

சித்தப்பா எடுத்தது மொத்தம் 11 கேசட்டு. அதுல ரெண்டு எல்பி. கேமரா ரிப்பேராகிப் பழைய சாமானோட போயி பல வருஷம் ஆச்சு. போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல மூணு கேமரா இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது கேசட்டு ஒழுங்கா ஓடுச்சு. அதுல ஒண்ணுல 2004 ஜூன்ல தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துலேர்ந்து எடுத்த மீட்டர்கேஜ் வண்டி நாலு நிமிஷம். பின்னாடி சித்தப்பா யார்கிட்டயோ "இன்னும் ஒரு வாரம்தானாம்பா"ன்னு சொல்றது கேக்குது. அந்த ரெண்டு எல்பி கேசட்டு மட்டும் முதல் கேமராவுல வெறும் நீலத் திரை. ரெண்டாவதுல சதுரம் சதுரமா உடைஞ்ச படம், சத்தமே இல்லை. மூணாவது, பழைய பானாசோனிக், எங்க ஆயாவோட குரலை விட்டு விட்டுக் கொடுத்துச்சு. ஆயா 2009-ல தவறிட்டாங்க. உறையில "அம்மா, அறுபதாம் கல்யாணம்"னு எழுதியிருக்கு, நல்லா எடுக்கணுமேன்னு நீளமா வர்றதுக்காக எல்பி போட்டிருக்காங்க.

அதனால இப்போ கேசட்டுல எடுக்கிற பசங்களுக்கு: எல்பி வேணாம். கேசட்டு முடிஞ்ச உடனே முதுகுல இருக்கிற சின்னப் பொத்தானை 'சேவ்' பக்கம் தள்ளிருங்க, மேல யாரும் எழுத முடியாது. ஒவ்வொரு ஷாட்டு முடிஞ்சதும் அஞ்சாறு செகண்டு சும்மா விட்டு நிறுத்துங்க. நடுவுல ரீவைண்டு பண்ணிப் பார்த்தா, கடைசிப் படத்துக்குச் சரியா திரும்பக் கொண்டுவந்து நிறுத்திட்டு ஆரம்பிங்க. நடுவுல வெத்து டேப் வந்தா டைம்கோடு மறுபடி பூஜ்யத்துலேர்ந்து எண்ண ஆரம்பிச்சுரும், கம்ப்யூட்டர்ல இறக்குறப்ப ஒரே கேசட்டுல நாலு 00:00:00 இருக்கும், சாஃப்ட்வேர் குழம்பிரும். இதுக்காகவே புது கேசட்டை லென்ஸை மூடி ஒரு தடவை முழுசா ஓட்டிட்டு, அப்புறம்தான் நிஜமா எடுக்க ஆரம்பிச்ச மகானுபாவர்கள் உண்டு. டேப் பிராண்டை மாத்தாதீங்கன்னு ஒரு கோஷ்டி சொல்லும். சோனி டேப்ல ஒரு மசகு, பானாசோனிக்ல வேற மசகு, ரெண்டும் கலந்தா ஹெட்டுல பசை மாதிரி படியும்னு. அப்படியெல்லாம் இல்லைன்னு இன்னொரு கோஷ்டி. எதுக்கு வம்பு, ஒரே பிராண்டுல இருங்க. க்ளீனிங் கேசட்டு பத்து செகண்டுக்கு மேல ஓட்டக் கூடாது, அது உப்புத்தாள் மாதிரி, ஹெட்டையே தேய்ச்சுரும்.

ஆனா இதை எல்லாம் ஒழுங்கா பண்ணின வீட்டுலயும் படம் போனது வேற இடத்துல. அது கம்ப்யூட்டர் கணக்கு. ஒரு மணி நேர மினிடிவி ஹார்ட் டிஸ்க்குல 13 ஜிபி. 2003-ல வீட்டுல இருந்த 40 ஜிபி டிஸ்க்குல மூணு கேசட்டு போட்டா ஜன்னல் மூடிரும். அதுல பழைய ஃபேட்32-ன்னா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, 19 நிமிஷத்துல நின்னுரும். ஃபயர்வயர் கார்டு வேற தனியா வாங்கிப் போடணும். இதெல்லாம் யாரால ஆகும்னு ஜனம் பக்கத்துக் கடைக்குப் போச்சு. "கேசட்டை விசிடி போட்டுத் தரப்படும்." செகண்டுக்கு 25 மெகாபிட் ஓடுற வீடியோவை ஒண்ணேகால் மெகாபிட்டுக்கும் கீழ நசுக்கி, பக்கவாட்டுல பாதி, உயரத்துல பாதியாக்கி, ரெண்டு சிடியில போட்டுக் கொடுப்பாங்க. எங்க வீட்டுக்கு வந்ததுல முதல் அஞ்சு நிமிஷம் ரோஜாப்பூ பறக்குது, பின்னாடி சினிமாப் பாட்டு! அப்புறம் "அதான் சிடியில இருக்கே"ன்னு அசல் கேசட்டு மேல அடுத்த விசேஷத்தை எடுத்த வீடுகள் எத்தனையோ. அந்த சிடியும் பத்து வருஷத்துல தோல் உரிஞ்சு ஓட்டை ஓட்டையா ஆயிருச்சு.

மிச்சம் இருந்ததை 2015 பார்த்துக்கிச்சு. டிசம்பர் 1-ம் தேதி ஒரே நாள் மழையில தாம்பரத்துல பதிவானது 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாத்துத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறுச்சு. ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் காப்பாத்த ஓடினவங்க கேசட்டுப் பொட்டியையா நினைப்பாங்க? வெள்ளம் வடிஞ்ச வாரம் தெருவோரக் குப்பை மேட்டுல மெத்தை, கட்டில், ஃப்ரிட்ஜோட கறுப்பு டேப்பும் சுருள் சுருளா கிடந்தது. இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நனைஞ்ச டேப் செத்த டேப் இல்லை. வெயில்ல காய வைக்காதீங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க, ஃப்ரீஸர்ல வைக்காதீங்க, முக்கியமா கேமராவுல போட்டு ஓட்டிப் பார்க்காதீங்க. சேறு இருந்தா காய்றதுக்கு முன்னாடியே காய்ச்சி வடிச்ச தண்ணில மெதுவா அலசி, நிழல்ல, காத்தோட்டமா காய விடணும். அதுக்கப்புறம் இதுக்குன்னே இருக்கிறவங்ககிட்ட கொடுக்கணும்.

தொலைஞ்சு போறது நமக்குப் புதுசு இல்லை. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்துல எடுத்த கீசக வதம் இல்லை. 1931-ல வந்த முதல் பேசும்படம் காளிதாஸ் இல்லை. ஏ.கே. செட்டியார் கதை இன்னும் பெருசு. 1937-ல நியூயார்க்லேர்ந்து டப்ளினுக்குக் கப்பல்ல போறப்ப காந்தியைப் பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுக்கணும்னு தோணுது அவருக்கு. அப்போ இருபதுகள்ல இருந்தவர். நாடு நாடா அலைஞ்சு, யார் யாரோ எடுத்து வெச்சிருந்த 50,000 அடி பிலிமைத் தேடிச் சேர்த்து, 1940-ல தமிழ்லதான் வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் படம் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலை. 1953-ல அமெரிக்காவுல போட்ட சுருக்கமான இங்கிலீஷ் வடிவம், அங்க ஒரு பல்கலைக்கழகத்துல பத்திரமா இருந்ததால, வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியோட தேடல்ல கிடைச்சது. உலகம் முழுக்கச் சுத்தி மத்தவங்க பிலிமை எல்லாம் சேர்த்த மனுஷனோட சொந்தப் படம் தப்பிச்சது, காப்பி ஒண்ணு ஊரை விட்டு வெளிய இருந்ததாலதான். நாங்க இப்போ செய்யறதும் அதுதான். ஒன்பது கேசட்டும் தாம்பரத்துல ஒரு டிஸ்க்கு, நியூஜெர்ஸி சித்தப்பா வீட்டுல ஒரு டிஸ்க்கு, கிளவுட்ல ஒண்ணு.

கால அவகாசம் நிறைய இல்லைங்க. ஆஸ்திரேலியாவோட தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லயே 'கெடு 2025'ன்னு ஒரு அறிக்கை விட்டுச்சு. அதுக்குள்ள மாத்தாத டேப்பெல்லாம் பெரும்பாலும் போன மாதிரிதான்னு. டேப் அழியறது பாதிக் காரணம், ஓட்டுற மெஷின் இல்லாமப் போறது மீதி. சோனி 2025 பிப்ரவரியோட மினிடிவி கேசட்டு தயாரிப்பையே நிறுத்திருச்சு. அதே வருஷம் வந்த மேக் ஓஎஸ் 26-ல ஆப்பிள் ஃபயர்வயர் ஆதரவைத் தூக்கிருச்சு. அதைக் கண்டுபிடிச்சதுல பெரும்பங்கு அவங்களோடதுதான், அது வேற விஷயம். லினக்ஸ்ல மட்டும், ஃபயர்வயர் டிரைவரைப் பராமரிக்கிறவர் 2029 வரைக்கும் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். ஒத்தை மனுஷன்!

பரண்ல கேசட்டு இருக்கிறவங்களுக்கு என் அனுபவத்துல வேலை செஞ்ச முறை இது. ஃபயர்வயர் போர்ட் இருக்கிற பழைய டெஸ்க்டாப்போ, கார்டு போட இடம் இருக்கிறதோ ஒண்ணு புடிங்க. லினக்ஸ் போடுங்க. டிவிகிராப்னு ஒரு சின்ன கமாண்ட் லைன் புரோகிராம், கேசட்டுல இருக்கிற பிட்டை அப்படியே ஃபைலா இறக்கும், தேதி நேரம் உட்பட. கேமராவுல யூஎஸ்பி இருக்கேன்னு அதுல சொருகாதீங்க, பெரும்பாலான மினிடிவி கேமராவுல அது போட்டோவுக்கும் வெப்கேமுக்கும்தான். மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரை யூஎஸ்பி டாங்கிள்ல விட்டும் இறக்கலாம், ஆனா அது டிஜிட்டலை அனலாக் ஆக்கித் திரும்ப டிஜிட்டல் ஆக்குற வேலை, வேற வழியே இல்லைன்னா மட்டும். ஓட்டுறதுக்கு முன்னாடி கேசட்டை ஒரு தடவை கடைசி வரைக்கும் போயி திரும்ப ரீவைண்டு பண்ணிருங்க, வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்த டேப் இளகும். பேட்டரியை நம்பாம அடாப்டர்ல ஓட்டுங்க. முதல்ல முக்கியமில்லாத கேசட்டைப் போட்டு கேமராவைச் சோதிங்க, ஆயா குரல் இருக்கிறதை முதல்ல போடாதீங்க.

உடைஞ்ச டேப்புக்கு டிவிரெஸ்க்யூன்னு ஆவணக் காப்பகக்காரங்க சேர்ந்து எழுதின இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. ஒரே கேசட்டை நாலஞ்சு தடவை, வேற வேற கேமராவுல ஓட்டி இறக்கினா, ஒவ்வொரு பிரேமுலயும் எந்தத் தடவை நல்லா வந்துச்சோ அந்தத் துண்டை எடுத்து ஒண்ணா தைச்சுக் கொடுக்கும். எங்க எல்பி கேசட்டுல ஒண்ணை இதுவரைக்கும் ஏழு தடவை ஓட்டியிருக்கேன். ஒன்றரை மணி நேரத்துல இருபத்து ரெண்டு நிமிஷம் முழுசா வந்திருக்கு. ஆயா யாரையோ "சாப்பிட்டியா, சாப்பிட்டுட்டுப் போ"ன்னு கேக்குறது பதினாலாவது நிமிஷத்துல. அடுத்த சனிக்கிழமை நாலாவதா ஒரு கேமரா வருது, எட்டாவது தடவை ஓட்டணும்.

டிஸ்கி: ஃபயர்வயர் ஒயர் வாங்கறப்ப கேமரா பக்கம் 4 பின், கம்ப்யூட்டர் கார்டு பக்கம் 6 பின், பாத்து வாங்குங்க. அந்த 6 பின் முனையைத் தலைகீழா அமுக்கிச் சொருகினா கார்டு புகைஞ்சு போகும், மெதுவா.